பக்கத்தில் அமர்ந்தவர்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"கவிதையைப் பற்றிப் பேசப் பலர் இருக்கிறார்கள், நீங்கள் ஒரு மாறுதலுக்கு இசையைப் பற்றிப் பேசுங்களேன்" என்று செயலர் கேட்டுக்கொண்டார். இசைந்துவிட்டேன். நான் இசை கற்றவனல்லன். திருச்சி வானொலியில் தொடங்கி, ஒலிநாடாக்களிலும் குறுந்தகடுகளிலும் கேட்டுக் கேட்டுச் செவியைப் பழக்கிக்கொண்டவன்; அவ்வளவே. ஆகவே இலக்கணம் சொல்லப் போவதில்லை. ஒரு கலைஞரின் வாழ்க்கையை எடுத்துக்கொண்டு, அதில் நமக்கு, குறிப்பாகக் கவிதை எழுதுகிறவர்களுக்கு, என்ன இருக்கிறது என்று பார்க்கப் போகிறேன். அக்கலைஞர் வயலின் மேதை லால்குடி ஜெயராமன்.

அவரைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. வயலின் என்பது நம் கச்சேரிகளில் பக்கவாத்தியம். பாடகர் நடுவில் அமர்வார். வயலின்காரர் பக்கத்தில் அமர்வார். சுவரொட்டியில் பாடகரின் பெயர் பெரிதாகவும் வயலின்காரரின் பெயர் சிறிதாகவும் இருக்கும். அந்தப் பக்கத்து இருக்கையில் தொடங்கி, அங்கே கற்றதையே மூலதனமாகக் கொண்டு, பின்னர்த் தனக்கென ஒரு பாணியையும், தன் பெயரில் நிலைபெற்ற பாடல்களையும் உண்டாக்கியவர் அவர். பிறரைக் கேட்பது எப்படி ஒருவரைப் படைப்பாளியாக்குகிறது என்பதற்கு அவர் வாழ்க்கையைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

அவரிடம் வருவதற்கு முன், வயலின் நம் பக்கத்துக்கு வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அது நாம் பெருமைப்பட வேண்டிய கதை. முத்துசுவாமி தீட்சிதருக்குச் சின்னசுவாமி, பாலுசுவாமி என்று இரு தம்பியர். குடும்பம் சென்னையை அடுத்த மணலியில் வாழ்ந்த காலத்தில், இளையவரான பாலுசுவாமி ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்றார். கற்ற கருவியில் நம் இசையை வாசித்துப் பார்த்தார், அது இணங்கியது. பின்னர்த் தம்பியர் இருவரும் மதுரையில் இருந்ததும், சின்னசுவாமி இங்கேயே மறைந்ததும், தம்பியைத் தேடித் தீட்சிதர் மதுரைக்கு வந்ததும், பாலுசுவாமி எட்டயபுரம் அரசவைக் கலைஞரானதும் சுப்பராம தீட்சிதர் எழுதிய வரலாற்றில் காணக் கிடைக்கின்றன. சுப்பராமர் வேறு யாருமல்லர். பாலுசுவாமியின் மகள் வயிற்றுப் பேரர், அவருக்கே தத்துப்பிள்ளையும் ஆனவர். 1904ஆம் ஆண்டில் எட்டயபுரத்தில் அச்சான அவருடைய 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' இன்றளவும் இசையுலகின் மூலநூல்களுள் ஒன்று. தூத்துக்குடிச் சாலையில் எட்டயபுரத்தைக் கடக்கும்போது நாம் பாரதியை நினைக்கிறோம், நினைக்க வேண்டியதுதான். பாரதி 1882இல் பிறப்பதற்குப் பல்லாண்டுகள் முன்பே அந்த ஊர் அரண்மனையில் வயலின் ஒலித்துக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளலாம்.

மற்றொரு பக்கம், தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு வயலினில் சிறந்து விளங்கினார். 1834இல் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் அவருக்குத் தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசளித்தார். நம் மதுரையிலேயே, எம்.எஸ். சுப்புலட்சுமியின் பாட்டியார் அக்கம்மாள் வயலின் வாசித்தவர். இப்படி அரண்மனையிலும் வீட்டுக் கூடத்திலும் பழகிப் பழகி, ஒரு நூற்றாண்டுக்குள் இந்த அயல்நாட்டுக் கருவி நம் கருவியாகிவிட்டது.

மேலைநாட்டார் வயலினைத் தாடையின்கீழ் இடுக்கிக்கொண்டு வாசிப்பார்கள். நம்மவர் தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, கருவியின் உடலை மார்போடு அணைத்து, அதன் சுருள்தலையை வலக்கால் கணுக்கால்மேல் தாங்கிக்கொண்டார்கள். இதனால் இடக்கை கருவியைத் தாங்கும் சுமையிலிருந்து விடுபட்டுத் தந்தியின் மேலும் கீழும் தடையின்றி வழுக்கிச் செல்ல முடிந்தது. நம் இசையின் உயிரான கமகம் அந்த வழுக்கலில்தான் இருக்கிறது. தந்திகளின் சுருதியையும் சட்சம், பஞ்சமம், சட்சம், பஞ்சமம் என்று பாடகரின் குரலுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார்கள். கருவி அப்படியே இருந்தது, அமரும் முறை மாறியது, இசை நமதாயிற்று. அயல் வடிவம் ஒன்றைத் தமிழுக்குக் கொண்டுவர நினைக்கிற கவிஞர்கள் இந்தச் செய்தியைச் சற்றே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இனி லால்குடி. திருச்சிக்கு அருகில் கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கும் லால்குடிக்குத் தேவார காலத்தில் திருத்தவத்துறை என்று பெயர். தியாகராசர் அவ்வூருக்கு வந்து, அங்குள்ள சப்தரிஷீசுவரர் மீதும் அம்மை மீதும் ஐந்து கீர்த்தனைகள் பாடினார். லால்குடி பஞ்சரத்தினம் என்று அவை வழங்குகின்றன. தியாகராசரின் நேர்ச் சீடருள் ஒருவர் அவ்வூர் ராமய்யர். அவர் வழியில், 1930ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள் பிறந்தவர் ஜெயராமன். தந்தையார் கோபாலய்யரே குரு. கண்டிப்புக்குப் பேர்போன குரு. 1942இல், பன்னிரண்டாவது வயதில், ஜெயராமன் பக்கவாத்தியக்காரராக மேடையேறினார்.

அதன்பின் ஒரு தலைமுறையின் பெரும் பாடகர்கள் அத்தனை பேருக்கும் அவர் வாசித்தார். அரியக்குடி ராமானுஜய்யங்கார், செம்பை வைத்தியநாத பாகவதர், செம்மங்குடி சீனிவாசய்யர், ஜி.என். பாலசுப்பிரமணியம், ஆலத்தூர் சகோதரர்கள், நம் மதுரை மணி ஐயர் என்று அந்த வரிசை நீளும். புல்லாங்குழல் மாலிக்கும் வாசித்தார். இவர்களுள் ஒருவரைப் போல் இன்னொருவர் பாடுவதில்லை என்பதை நீங்கள் அறிவீர்கள். அரியக்குடியின் வழி, மிகாமலும் குறையாமலும் செல்லும் மத்திமகால நடை. ஜி.என்.பி.யின் குரல் மின்னல் வேகப் பிருகாக்களில் பாயும். செம்மங்குடி ஒரு சொற்றொடரைப் பலமுறை உழுது பண்படுத்துவார். ஆலத்தூர் சகோதரர்களின் பல்லவியில் கணக்கு ஆளை விழுங்கப் பார்க்கும். மணி ஐயரின் கற்பனை சுரமோ, வைகையில் புதுவெள்ளம் வருவது போல, அவசரமும் இல்லாமல் நிறுத்தமும் இல்லாமல் வந்துகொண்டே இருக்கும்.

இவர்கள் ஒவ்வொருவர் பக்கத்திலும் அமர்ந்து, அவரவர் வழியிலேயே போக வேண்டும். இதற்கு ஒத்திகை கிடையாது. இன்று எந்த ராகம், எந்தப் பாடல், எந்த இடத்தில் நிரவல் என்று முன்கூட்டிச் சொல்லும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. பாடகர் வாயைத் திறக்கிறார். முதல் இரண்டு மூன்று சுரங்களுக்குள் வயலின்காரர் ராகத்தை இனங்கண்டாக வேண்டும். ஆலாபனையில் பாடகர் ஒரு சொற்றொடரைப் பாடி முடிக்கும்போது, நிழல் போலப் பின்தொடர்ந்து அதன் இறுதியை ஏந்திக்கொள்ள வேண்டும். முந்தினால் குற்றம், பிந்தினாலும் குற்றம். பாடகர் ஓய்ந்ததும் வயலினுக்கு ஒரு முறை வரும். அப்போது தன் கற்பனையைக் காட்டலாம். ஆனால் பாடகர் எடுத்துக்கொண்ட நேரத்தை மீறலாகாது. பாடகர் எழுப்பிய உணர்வைக் கலைக்கலாகாது. அவர் சொன்னதையே திருப்பிச் சொல்லி நின்றுவிடவும் கூடாது. சுரம் பாடும்போது பாடகர் ஒரு கணக்கை வீசுவார். மறுகணம் அதற்கு விடை சொல்லியாக வேண்டும்.

நண்பர்களே, இதை ஒரு கவிஞரின் நிலையில் வைத்துப் பாருங்கள். உங்களுக்கு முன்னே ஒருவர் ஒரு விருத்தத்தைச் சொல்கிறார். அவர் முடித்த அந்தக் கணத்திலேயே, அதே சந்தத்தில், அதே உணர்வில், அவர் சொல்லாத ஒன்றை நீங்கள் சொல்ல வேண்டும். மூன்று மணி நேரம் இப்படியே. மறுநாள் வேறொரு கவிஞர், வேறொரு யாப்பு. இப்படி எத்தனை ஆண்டு நம்மால் தாக்குப்பிடிக்க முடியும்? அவர் இளமைக்காலம் முழுதும் அதைச் செய்தார். பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்டால், மணி ஐயரோடு வாசிக்கும் லால்குடியும் ஜி.என்.பி.யோடு வாசிக்கும் லால்குடியும் வேறு வேறு ஆட்களோ என்று தோன்றும். இன்னும் கூர்ந்து கேட்டால், இரண்டிலும் அதே வில்தான் என்பது புலப்படும். தன்னை இழக்காமலே தன்னைப் பிறருக்குக் கொடுப்பது எப்படி என்பதை அந்த ஒலிப்பதிவுகளில்தான் நான் தெரிந்துகொண்டேன்.

அடுத்து, கவிஞர்களுக்கு நேரடியாகத் தொடர்புடைய ஒன்று. வயலின் பேசாது. அதற்கு உயிரெழுத்தும் இல்லை, மெய்யெழுத்தும் இல்லை. ஆனால் லால்குடி ஒரு கீர்த்தனையை வாசிக்கும்போது, அந்தப் பாடலை அறிந்தவர்களுக்குச் சொற்கள் காதில் விழும். இது வெறும் புகழ்ச்சியன்று; இதற்கொரு செய்முறை உண்டு. வில்லை எந்த இடத்தில் திருப்புவது என்பது வயலின்காரர் கையில் இருக்கிறது. இசையின் வசதியை மட்டும் பார்த்துத் திருப்பினால் சொல் நடுவில் முறிந்துவிடும். லால்குடி பாணியில் வில் சொல்லுக்குக் கட்டுப்பட்டது. அழுத்தமான மெய் வருமிடத்தில் வில் சற்றே கடிக்கும். நெடில் வருமிடத்தில் அதே வில்லில் ஒலி நீளும். சொல் முடியுமிடத்தில் மூச்சுவிடும். பாடகர் எங்கே நிறுத்துவாரோ அங்கேதான் வில்லும் நிற்கும். குரலின் வழியைக் கருவியில் கொண்டுவரும் இந்தப் பாணி இசையுலகில் அவர் ஊரின் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

சொல்லே இல்லாத கருவியை வாசிக்கிறவர், சொல்லை முறிக்கக் கூடாது என்று இத்தனை கவலைப்பட்டிருக்கிறார். சொல்லையே தொழிலாகக் கொண்ட நாம் நம் வரிகளை எங்கே மடக்குகிறோம், ஏன் மடக்குகிறோம் என்று எப்போதாவது இந்த அளவுக்குக் கவலைப்பட்டதுண்டா? புதுக்கவிதையில் வரி முறியும் இடம் வில் திரும்பும் இடத்துக்கு ஒப்பானது. பல சமயங்களில் நாம் தாளின் அகலத்தைப் பார்த்துத்தான் வரியை முறிக்கிறோம். என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

இதன் பலனை இன்னொரு செய்தியால் அறியலாம். லால்குடியின் மாணவர்களுள் வயலின்காரர்கள் உண்டு. மகன் கிருஷ்ணனும் மகள் விஜயலட்சுமியும் அவர்களுள் முதன்மையானவர்கள். ஆனால் பாடகர்களும் அவரிடம் வந்து கற்றார்கள். பம்பாய் ஜெயஸ்ரீ அவர்களுள் ஒருவர். பாடகர்களின் பக்கத்தில் அமர்ந்து வாசித்தவரிடம் பாடகர்கள் பாடக் கற்றார்கள் என்றால், அந்தப் பக்கத்து இருக்கை எத்தகைய பள்ளிக்கூடமாக இருந்திருக்க வேண்டும்!

பக்கவாத்தியமாக உச்சத்தில் இருந்தபோதே அவர் தனிக்கச்சேரியின் பக்கம் நடந்தார். வயலின் தனித்து நிற்க முடியும் என்பதைத் துவாரம் வேங்கடசாமி நாயுடு முன்பே நிறுவியிருந்தார். லால்குடியின் தலைமுறையில் அவரும் டி.என். கிருஷ்ணனும் எம்.எஸ். கோபாலகிருஷ்ணனும் ஆளுக்கொரு வழியில் அதை வளர்த்தெடுத்தார்கள். வயலின் மும்மூர்த்திகள் என்று ரசிகர்கள் இவர்களைச் சொல்வதுண்டு. 1965இல் எடின்பரோ விழாவில் லால்குடி வாசித்தார். அவர் வாசிப்பில் மனம் பறிகொடுத்த யெஹூதி மெனுஹின் தம்முடைய இத்தாலிய வயலின் ஒன்றை அவருக்குப் பரிசளித்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. ஐரோப்பியர் ஒருவர் கையிலிருந்து பாலுசுவாமி தீட்சிதருக்கு வந்த கலை, ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழித்து மேலைநாட்டின் மாபெரும் வயலின் மேதை ஒருவரின் முன்னே நம் கலையாகப் போய் நின்றது.

ஆனால் அந்தப் பரிசைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது மறு ஆண்டு அவர் செய்த காரியம். 1966இல் புல்லாங்குழல் என். ரமணியையும், வீணை திருவனந்தபுரம் ஆர். வெங்கட்ராமனையும் சேர்த்துக்கொண்டு வயலின், வேணு, வீணை என்ற மூவர் கச்சேரியைத் தொடங்கினார். தனித்து ஒளிரத் தொடங்கிய ஒருவர், மீண்டும் பிறரோடு சேர்ந்து அமர ஏன் விரும்பினார்? இதைப் புரிந்துகொள்ள மேலைநாட்டு அறை இசையைப் பற்றி ஒரு சொல் சொல்ல வேண்டும்.

ஐரோப்பாவில் பெரிய அரங்குகளில் நூறு பேர் சேர்ந்து வாசிக்கும் இசை உண்டு. அங்கே கையில் கோலோடு ஒருவர் நடுவில் நின்று நடத்துவார். அதற்கு மாறாக, வீட்டுக் கூடத்தில் மூவர் அல்லது நால்வர் அமர்ந்து வாசிக்கும் இசைக்கு அறை இசை என்று பெயர். நடத்துகிறவர் இல்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பகுதி. ஒருவர் பகுதியை இன்னொருவர் வாசிப்பதில்லை. ஒருவரையொருவர் பார்த்தும், மூச்சைக் கேட்டும்தான் தொடங்கவும் முடிக்கவும் முடியும். ஹைடன், மொசார்ட், பீத்தோவன் போன்றோர் தங்கள் ஆழ்ந்த எண்ணங்களைப் பலமுறை இந்தச் சிறிய வடிவத்திடமே ஒப்படைத்தார்கள்.

நம் கச்சேரியும் பிறப்பால் அறை இசைதான். சபாக்களும் ஒலிபெருக்கியும் வருவதற்கு முன் கோயில் மண்டபத்திலும் செல்வர் வீட்டுத் தாழ்வாரத்திலும் கைக்கெட்டும் தூரத்தில் அமர்ந்துதான் கேட்டார்கள். ஆனால் நம் கச்சேரியில் நடுவர் ஒருவர், பக்கத்தார் இருவர் மூவர் என்ற படிநிலை உண்டு. லால்குடியின் மூவர் கச்சேரியில் இசைக்கருவிகள் மூன்றுக்கும் இடையே அந்தப் படிநிலை இல்லாமல் போயிற்று.

மூன்று கருவிகளின் இயல்பையும் எண்ணிப் பாருங்கள். வீணையில் மீட்டிய ஒலி பிறந்த கணத்திலேயே தேயத் தொடங்கும். குழலின் ஒலி மூச்சுள்ள வரைதான். வயலினின் ஒலியோ வில் ஓடும் வரை நிற்கும். வில்லைத் திருப்பியும் தொடரலாம். ஆக, மூன்றில் வலியது வயலின். அது நினைத்தால் மற்ற இரண்டையும் மூடிவிடலாம். மூவருக்கும் பொதுவான சுருதி ஒன்றைக் கண்டாக வேண்டும். வீணைக்கு வசதியானது குழலுக்கு வசதியாக இராது. இத்தனை இடர்ப்பாடுகளுக்கும் நடுவே, ஒருவர் எடுத்ததை இன்னொருவர் தொட்டு, மூன்றாமவர் முடித்து, மீண்டும் மூவரும் ஒரே குரலாகப் பல்லவிக்குத் திரும்புகிறார்கள். அந்த ஒலிப்பதிவுகளில் நான் வியப்பது வயலின் வாசிக்கும் இடங்களை மட்டுமன்று. அது அடங்கிக் கொடுக்கும் இடங்களை. வீணையின் ஒலி தேயும் வரை வில் காத்திருக்கிறது. பெரும் பாடகர்களின் பக்கத்தில் அமர்ந்து கற்ற பொறுமை, சமமானவர்கள் நடுவிலும் கைவிடவில்லை.

பாடலாசிரியராகவும் அவர் பெரும்பெயர் பெற்றார். தில்லானா என்ற வடிவம் பெரும்பாலும் பொருளற்ற சொற்கட்டுகளால் ஆனது. இறுதியில் மட்டும் இரண்டொரு வரி பொருளுள்ள பாட்டு வரும். அந்தச் சின்னஞ்சிறு வடிவத்தில் மோகனகல்யாணி, தேஷ், ராகேஸ்ரீ எனப் பல ராகங்களில் அவர் செய்தவை இன்று இசை மேடையிலும் நடன மேடையிலும் ஒருங்கே வாழ்கின்றன. சாருகேசியில் அவர் தமிழில் இயற்றிய பதவர்ணம் நடனக் கலைஞர்களின் உடைமையாகிவிட்டது. நம் ஊருக்கும் ஒரு கொடை உண்டு. 'அங்கயற்கண்ணி' என்று மீனாட்சியம்மையை விளித்துத் தொடங்கும் நவரச வர்ணம் அவருடையது. ஒன்பது சுவைகள், ஒன்பது ராகங்கள், ஒரே தாய். ஒன்பது வகையான பாடகர்களுக்கு அவரவர் மனம் அறிந்து வாசித்துப் பழகிய கைக்கு ஒன்பது சுவையை ஒரு நூலில் கோக்க முடிந்ததில் வியப்பென்ன?

1972இல் பத்மஸ்ரீ, 1979இல் சங்கீத நாடக அகாதமி விருது, 2001இல் பத்மபூஷண் ஆகியவை அவரை வந்தடைந்தன. 'சிருங்காரம்' படத்தின் இசைக்காக 2005ஆம் ஆண்டுக்கான தேசியத் திரைப்பட விருதும் கிடைத்தது. 2013ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள் சென்னையில் அவர் மறைந்தார். அதே ஆண்டின் தொடக்கத்தில்தான் எம்.எஸ். கோபாலகிருஷ்ணனும் மறைந்திருந்தார். 2020இல் டி.என். கிருஷ்ணனும் சென்றுவிட, அந்த மூவர் காலம் நிறைவுற்றது.

இதுவரை சொன்னது அவர் கதை. இனி நம் கதை.

நம் வட்டமும் ஓர் அறை இசைதான். கே.கே. நகர் வளைவைத் தாண்டி, மாட்டுத்தாவணிப் பேருந்துகளின் இரைச்சலைத் தெருவிலேயே விட்டுவிட்டு, ஒரு மாடி அறையில் கூடுகிறோம். ஒலிபெருக்கி கிடையாது. நிறைந்தால் முப்பது பேர். மழை பெய்தால் ஏழு பேர். பத்தாண்டுகளில் எத்தனையோ நல்ல கவிதைகள் இந்த அறையில் முதன்முதலாக ஒலித்தன. அதில் எனக்கும் பெருமை உண்டு. ஆனால் பிறந்தநாளில் பெருமையை மட்டும் பேசினால் போதுமா?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கூட்டம். என் கவிதையை வாசித்துவிட்டு அமர்ந்தேன். கைதட்டினார்கள். மூன்றாம் வரியில் ஒரு சொல்லை மாற்றியிருக்கலாமோ என்று தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு அடுத்து, ஜவுளிக்கடையில் வேலை பார்த்துவந்த ஓர் இளம்பெண் வாசித்தார். அதுதான் அவருக்கு முதல் வாசிப்பு. கூட்டம் முடிந்து படியிறங்கும்போது என்னருகில் வந்து, "ஐயா, என் கவிதை எப்படி இருந்தது?" என்று கேட்டார். "நன்றாக இருந்ததம்மா, தொடர்ந்து எழுதுங்கள்" என்றேன். அவர் என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். "எந்த இடம் ஐயா?" என்றார். என்னிடம் விடை இல்லை. ஏதோ சொல்லி மழுப்பினேன். அதன் பிறகு அவர் வரவில்லை.

அக்கவிதையில் ஒரு சொல்கூட இன்று என்னிடம் இல்லை. மறந்துபோயிற்று என்று சொல்லவும் வழியில்லை. கேட்டிருந்தால் அல்லவா மறப்பதற்கு!

அன்றிரவு வீட்டில் வழக்கம்போல் ஒரு பழைய கச்சேரியைப் போட்டேன். மணி ஐயர் பாட்டு, லால்குடி வயலின். அதுவரை நூறு முறை கேட்ட பதிவு. அன்றைக்குப் பாட்டை விட்டுவிட்டு, பாடகர் பாடும்போது வயலின் என்ன செய்கிறது என்பதை மட்டும் கேட்டேன். ஒரு கணமும் அது தன் முறைக்காகக் காத்திருக்கவில்லை. பாடகர் பாடிய ஒவ்வொரு பிடியையும் அது கைநீட்டி வாங்கிக்கொண்டே இருந்தது. அதனால்தான் தன் முறை வந்தபோது அதற்குச் சொல்ல ஏதோ இருந்தது. நான் இத்தனை ஆண்டுகள் இந்த அறையில் என் முறைக்காகக் காத்திருந்தவனே தவிர, கேட்டவன் அல்லன் என்பது அன்று விளங்கியது. நமக்குள் பலர் தம் கவிதையை வாசித்ததும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எழுந்து போவதை நான் குறைகூறத் தகுதியற்றவன். நான் எழுந்து போகாமலே போனவன்.

அதனால் இந்தப் பத்தாம் ஆண்டு நிறைவில் வட்டத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். பெரிய திட்டமன்று, செலவும் இல்லை. பதினோராம் ஆண்டு முதல், தம் கவிதையை வாசிக்க எழும் ஒவ்வொருவரும், தமக்கு முன் வாசித்தவரின் கவிதையிலிருந்து தம்மைத் தொட்ட ஒரு வரியைத் தாளைப் பாராமல் நினைவிலிருந்து சொல்ல வேண்டும். சொல்லிவிட்டுத் தம் கவிதையைத் தொடங்கலாம். வரி நினைவில் இல்லையென்றால், முன்னவரை மீண்டும் ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம். முதலில் வாசிப்பவர் சென்ற மாதம் இறுதியாக வாசித்தவரின் வரியைச் சொல்லட்டும். ஒரு மாதம் அதை வைத்திருந்தார் என்றாகும். இறுதியாக வாசிப்பவரின் வரியை, எதுவும் வாசிக்காமல் கேட்க மட்டும் வருகின்ற அன்பர்களுள் ஒருவர் சொல்லட்டும். உண்மையில் இந்த வட்டத்தைப் பத்தாண்டுகள் தாங்கியவர்கள் அவர்கள்தாம்.

இப்படிச் செய்தால் கூட்டம் அரைமணி நேரம் நீளலாம். சிலருக்குச் சங்கடமாகவும் இருக்கலாம். ஆனால் முதன்முறையாக இங்கே வாசிக்க வருகின்ற ஒரு பிள்ளை, தன் சொல் ஒன்று இன்னொருவர் வாயிலிருந்து திரும்பி வருவதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகும். அதைவிடப் பெரிய பரிசை இந்த வட்டத்தால் எவருக்கும் தர இயலாது என்று நம்புகிறேன்.

அந்தப் பெண் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. எழுதிக்கொண்டிருக்க வேண்டும் என்பது என் விருப்பம். இந்த மலர் எப்படியாவது அவர் கைக்குப் போய்ச்சேருமானால், எந்த இடம் என்று அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் இன்னும் விடை இல்லை என்பதையும், அடுத்த கூட்டத்தில் ஒரு நாற்காலி அவருக்காகக் காத்திருக்கிறது என்பதையும் இதன் வழியே தெரிவித்துக்கொள்கிறேன். அந்த நாற்காலியின் பக்கத்தில் நான் அமர்ந்திருப்பேன்.

இவ்வளவு நேரம் பொறுமையோடு கேட்டீர்கள். கேட்டீர்கள் என்ற சொல்லை இன்று முழுப்பொருளோடு சொல்கிறேன்.